முப்பத்துநாலில் நிற்கும் தாள்

ஏப்ரல் 16, திங்கள்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் திருத்தும் முகாம் இன்று பாளையங்கோட்டையில் தொடங்கியது. போன ஆண்டு நடந்த அதே பள்ளி, அதே அறை, சுற்றாத அதே மின்விசிறி. களக்காட்டிலிருந்து காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன்.

முகாம் அலுவலர் தொடங்கி வைத்துப் பேசினார். "மனிதாபிமானத்தோடு திருத்துங்கள்" என்றார். முகாமுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரிய நியாயமில்லை. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து மதிப்பெண். முப்பத்துநாலு எடுத்த பிள்ளையை யாரும் அப்படியே விடுவதில்லை. தாளை மறுபடி புரட்டி, கட்டுரையிலோ கடிதத்திலோ ஒன்று கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். கிடைக்கும். இதற்கு மார்க் தேடுவது என்று பெயர். எந்த விதியிலும் இது இல்லை, எல்லா மேசையிலும் உண்டு. ஆகவே மனிதாபிமானம் என்பது துல்லியமாக ஒரு மதிப்பெண்.

நான் தேடுவதில்லை. பெருமைக்காக எழுதவில்லை. முதலில் போட்ட மார்க் சரியென்றால் அது சரி. தப்பென்றால் முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும். முகாமில் எனக்குக் கறார் ராஜகனி என்று பெயர். நேரில் ராஜகனி டீச்சர்.

எங்கள் மேசையில் போன ஆண்டு இருந்தவர்களே. அம்பாசமுத்திரம் பேச்சிமுத்து சார் இருக்கிறார். சகாயராணி டீச்சர் கூர்ந்தாய்வு அலுவலர், சுருக்கமாக எஸ்.ஓ. நாங்கள் சிவப்பில் திருத்தியதைப் பச்சையில் சரிபார்ப்பவர். புதிதாக மேலப்பாளையத்திலிருந்து ஜெஸிமா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், முதல் முகாம். அறைக்குத் தலைவர், அதாவது முதன்மைத் தேர்வாளர், ஆவுடையப்பன் சார். அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். தலைமையாசிரியர்களில் குரல் உயர்த்தாதவர். உயர்த்த வேண்டிய இடத்திலும்.

வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. அரிசி ஊறப்போட்டேன்.

ஏப்ரல் 17, செவ்வாய்

சென்னையிலிருந்து விடைக்குறிப்பு வந்தது. கீ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். பதினாலாவது கேள்வி ஒரு மதிப்பெண், கோடிட்ட இடம் நிரப்புவது: 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ____ ஆப்சென்ட்.' பல மாணவர்கள் வரவில்லை என்று பொருள். பல என்றால் பன்மை, ஆகவே 'ஆர்'. கீயில் 'இஸ்' என்று இருக்கிறது. 'தி நம்பர் ஆஃப்' என்று தொடங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு, ஒருமை, அப்போது 'இஸ்' சரி. யாரோ அதையும் இதையும் குழப்பிக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பில் இதைக் குழப்பினால் பெஞ்சில் ஏற்றுவோம். சென்னையில் ஏற்ற பெஞ்சு இல்லை.

தேநீர் இடைவேளையில் பேச்சிமுத்து சார், "இதுல என்ன டீச்சர் சந்தேகம், 'ஆர்' தான். சர்வீஸ்ல சேந்த நாள்லருந்து 'ஆர்'னுதான் சொல்லிக் குடுக்கேன்" என்றார்.

"அப்போ காலையில ஏன் சார் 'ஆர்'ருக்கு முட்டை போட்டிய?"

"கீ 'இஸ்'ங்குதே."

ஜெஸிமா, "மேடம், போன்ல பாத்தேன், அதுலயும் 'ஆர்'தான்" என்றாள்.

"போன் உள்ள கொண்டுவரக் கூடாதே."

"வெளிய நின்னுதான் பாத்தேன். உள்ள வந்துதான் சொல்லுதேன்."

அறை முழுக்க ஒரே கருத்து. நான் போய் ஆவுடையப்பன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கீய யாரு போட்டது டீச்சர்? நிபுணர் குழு. அவங்க நாலு பேரு."

"இந்த ரூம்ல மட்டும் நாங்க நாப்பது பேரு இருக்கோம் சார்."

"கூட்டமா இருந்தா நிபுணராயிருவோமா? போங்க, கீப்படி போடுங்க."

கீப்படி போட்டேன். 'ஆர்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பில் பெருக்கல் குறி. 'இஸ்' என்று எழுதியவர்களுக்குச் சரி. முகாமில் கீழ்ப்படிவது ஒரு பழக்கம், கைக்கு வந்துவிடுகிறது.

ஏப்ரல் 18, புதன்

வெயில். தக்காளிச் சோறு மதியத்துக்குள் புளித்துவிட்டது.

ஏப்ரல் 19, வியாழன்

மதியம் தந்த விடைத்தாள் கட்டில் ஒரு தாள். கூட்டினேன், முப்பத்துநாலு. மறுபடி கூட்டினேன், அதே. பதினாலாவது கேள்விக்கு 'ஆர்' என்று எழுதியிருக்கிறது. அழுத்தமாக, இரண்டு முறை மை ஓட்டி. நான் அதற்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

சரியாக எழுதிய பிள்ளை, நான் போட்ட தப்பால் தோற்கிறது. இது மார்க் தேடும் விவகாரம் இல்லை. தேடத் தேவையில்லாமல் மார்க் அங்கேயே இருக்கிறது, கீதான் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

சகாயராணி எட்டிப் பார்த்தாள்.

"முப்பத்துநாலா? இங்க குடுங்க டீச்சர், நான் பச்சையில ஒண்ணு போட்டுருதேன்."

"எதுல?"

"லெட்டர்ல."

"நன்றிக் கடிதத்துல நன்றிங்குற வார்த்தையே இல்ல. அஞ்சுக்கு ரெண்டு போட்டதே அதிகம்."

"அப்போ கட்டுரையில."

"கட்டுரையே எழுதல."

"எழுத இடம் விட்டிருக்குல்லா?"

கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு யாரும் தானம் செய்ய வேண்டாம், அது சம்பாதித்தது பதினாலாவது கேள்வியில் இருக்கிறது என்றேன். கீ மாறும்வரை இந்தத் தாளை முடிக்கப் போவதில்லை என்றும் சொன்னேன். ஒரு தாள் முடியாவிட்டால் கட்டு முடியாது. கட்டு முடியாவிட்டால் அறைக் கணக்கு முடியாது. சகாயராணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

கடிதத்தைப் பற்றி ஒரு குறிப்பு, பொருத்தமில்லைதான். பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் அனுப்பிய மாமாவுக்கு நன்றி சொல்லி எழுதுக என்பது கேள்வி. பிள்ளை எழுதியது உடைந்த ஆங்கிலம். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: 'மாமா, வாட்ச் வந்தது. அம்மா பீரோவில் வைத்துவிட்டாள். சாவி அம்மாவிடம். சனிக்கிழமை மட்டும் எடுத்துத் தருவாள். நன்றாக ஓடுகிறது. சனிக்கிழமை நான் எல்லாரிடமும் மணி சொல்கிறேன்.'

முகவரி இல்லை, தேதி இல்லை. கேள்வியில் பீரோவும் இல்லை.

ஏப்ரல் 20, வெள்ளி

பேச்சிமுத்து சார் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக, "டீச்சர், பதினஞ்சாவது கேள்வியப் பாத்தியளா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்' என்று தொடங்கும் வாக்கியம். ஒவ்வொருவனையும் தனித்தனியாகப் பேசுவதால் அது ஒருமை, 'இஸ்' வர வேண்டும். பிள்ளை அங்கும் 'ஆர்' என்றே எழுதியிருக்கிறது.

"எல்லாத்துக்கும் 'ஆர்'ரப் போட்டு விட்ருக்கு. பதினாலு தெரிஞ்சா எழுதிச்சு? குருட்டாம்போக்கு."

"சார், நோக்கத்துக்கு மார்க் கிடையாது. விடைக்குத்தான். பதினஞ்சுக்கு முட்டை போட்டுட்டேன். பதினாலுக்கு ஒண்ணு உண்டு."

"ஒரு மார்க்குக்கு இவ்வளவா?"

"ஒரு மார்க்னுதான் சொல்லுதேன். ஒண்ணரை கேட்டேனா?"

பேச்சிமுத்து சார் போய் வடை வாங்கி வந்தார். அவரிடம் வாதத்தில் தோற்றவர்களுக்கும் ஜெயித்தவர்களுக்கும் வடைதான்.

அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா தெரியாது. தாள்களில் பெயர் கிடையாது, ஒரு போலி எண் மட்டும். எந்த மாவட்டம் என்பதும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கையெழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்து எழுதினால் அப்படிச் சாயும்.

ஏப்ரல் 21, சனி

எழுத்தில் கொடுங்கள், பரிசீலிக்கலாம் என்று ஆவுடையப்பன் சார் நேற்று சொல்லியிருந்தார். யாரும் எழுத்தில் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னது. நான் எழுதினேன், அரைப் பக்கம். கீழே கையெழுத்துக்காக இடம் விட்டு மதியம் மேசை மேசையாகச் சுற்றினேன்.

எல்லாரும் என் பக்கம். மனப்பூர்வமாக. ஒருவருக்கு மே மாதம் இடமாறுதல் கலந்தாய்வு இருக்கிறது. ஒருவருக்குத் தேர்வுநிலை ஊதிய உயர்வு நிலுவையில் இருக்கிறது. ஒருவர் சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஜெஸிமாவுக்குத் தகுதிகாண் பருவம் முடியவில்லை. அவளை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கையில் மூடி திறந்த பேனா இருந்தது.

பேச்சிமுத்து சார் ஒரு வழி சொன்னார். "வரிசையா போட்டாத்தான டீச்சர், யாரு மொதல்லன்னு தெரியும். வட்டமா போட்டா?" அவரே தேநீர்த் தம்ளரைக் கவிழ்த்து அழகாக ஒரு வட்டம் வரைந்தார். சுற்றி அனைவரும் கையெழுத்திட வேண்டியது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. பிறகுதான், வட்டத்திலும் யாராவது ஒருவர் முதலில் போட்டாக வேண்டும் என்பது தெரிந்தது. நான் போட்டேன். அதன்பின் மணி அடித்துவிட்டது.

ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி' என்பதை ஒருமையாக வைத்திருக்கிறார்கள். எல்லாரும் என்பது எப்படி ஒருமை ஆகும் என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பார்கள். விதி அப்படி என்று சொல்லி வந்திருக்கிறேன். இனி விளக்கமும் சொல்ல முடியும்.

ஏப்ரல் 22, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

வீட்டுக்காரர் களக்காட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தோடு அவருக்குப் பகை இல்லை, பழக்கமும் இல்லை. சாப்பிடும்போது முழுக் கதையும் கேட்டார்.

"நீ இதுவரைக்கும் யாருக்கும் ஒரு மார்க் கூட்டிப் போட்டது கிடையாதுல்லா?"

"இல்ல."

"இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் நிக்க?"

"பிள்ளைக்காக நிக்கல. இலக்கணத்துக்காக."

"அந்தப் பீரோ கதையை நீ இதோட மூணு தடவ சொல்லிட்ட" என்றார், மோர் ஊற்றிக்கொண்டே.

இரண்டு தடவைதான் சொன்னதாக ஞாபகம்.

ஏப்ரல் 23, திங்கள்

ஆவுடையப்பன் சாரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதென்ன டீச்சர், பாதியில விட்ட கோலம் மாதிரி இருக்கு?"

"எல்லாரும் என் பக்கம் சார்."

"அது தெரியுது" என்று இழுப்பறையில் வைத்தார்.

ஏப்ரல் 24, செவ்வாய்

காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. பெண் ஆசிரியை தனியாக வந்தால் கதவைச் சாத்தமாட்டார், அதனால் எல்லாம் வெளியே கேட்கும்.

"டீச்சர், இத வாபஸ் வாங்கிக்கிடுங்க. நான் உங்களுக்குக் கட்டளை போடல. கேக்குதேன்."

ஏன் என்று கேட்டேன். சொன்னார். அவருக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர் ஒருவர், பெயர் சொல்லவில்லை, ஓய்வு பெறும் நாளன்று பள்ளியில் பந்தல் போட்டு, பிரியாணி இறக்கி, பேரப்பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது தபாலில் ஓர் உறை வந்தது. தற்காலிகப் பணிநீக்கம். ஏதோ ஒரு பழைய கோப்பில் அவர் கையெழுத்து இருந்ததாம், விசாரிக்க வேண்டுமாம். மாலையைப் போடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேசை மேல் வைத்துவிட்டார்கள். விசாரணை முடிய ஆண்டுக்கணக்காயிற்று. குற்றம் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குள் அவர் இல்லை.

"நமக்கு வேலைக்குச் சேர்ந்த நாள் முக்கியமில்ல டீச்சர். கடைசி நாள்தான். அன்னிக்கு மேல இருந்து பாத்தா நம்ம பேரு எந்தக் காகிதத்துலயும் இருக்கக் கூடாது. முப்பத்துமூணு வருஷம் நான் எதுலயும் மாட்டல. இத நான் மெட்ராஸுக்கு அனுப்புனா, அவங்க நாலு பேரு கண்ணுல மொதல்ல படுறது உங்க பேரு இல்ல. அனுப்புனவன் பேரு."

"அனுப்ப வேண்டாம் சார். கிழிச்சுப் போட்டுருங்க. அந்தத் தாள் மட்டும் என்கிட்ட இருக்கும்."

"தாளைக் குடுக்கலைன்னா ரூமை மூட முடியாதே."

"ஆமா சார்."

"அப்போ காரணம் எழுதணுமே."

"ஆமா சார்."

"அதுலயும் என் பேருதான வரும்."

அவருடைய பந்தலுக்கு நான் பொறுப்பாக முடியாது. மாலையில் பேருந்து நிலையத்தில் நேந்திரங்காய் வற்றல் வாங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. ஆவுடையப்பன் சாருக்குப் பிடிக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னார்கள்.

ஏப்ரல் 25, புதன்

அறையில் தாள்கள் எல்லாம் முடிந்துவிட்டன, என்னுடைய ஒன்றைத் தவிர. நாப்பது பேரும் வேலையில்லாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். போன வாரம் என் பக்கம் இருந்தவர்கள்தான். இன்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், கோவில்பட்டிக்குப் பஸ் போயிரும்."

"அந்தப் பிள்ளைக்கே இவ்வளவு வருத்தம் இருக்காது."

"நாங்க தேடித் தாரோம், நீங்க கண்ண மூடிக்கிடுங்க."

சகாயராணி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூ கட்ட ஆரம்பித்தாள்.

வற்றல் பொட்டலத்தோடு ஆவுடையப்பன் சார் அறைக்குப் போனேன். அவர் தொலைபேசியில் நாகர்கோவில் முகாமில் இருக்கும் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லி ஜாடை காட்டினார்.

"உங்க ஊர்ல யாரும் கேக்கலியா? ... எல்லாரும் கேக்காங்களா? அப்போ எழுதி அனுப்ப வேண்டியதுதான ... ஆமா, நீங்க எப்படி அனுப்புவிய. மதுரையில? ... அங்கயும் பேசத்தான் செய்யுதாங்களா. சரி. ... ஆமா, இங்க ஒரு அம்மா எழுதியே குடுத்துட்டாங்க. ... ஒருத்தர்தான். வட்டத்துக்குள்ள."

வைத்துவிட்டு வற்றலைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்தத் தாளைக் கொண்டாங்க பாப்போம்."

கொடுத்தேன். நேரே பதினாலாவது கேள்வியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்தார், தலையசைத்தார். பிறகு பக்கத்தைப் புரட்டிக் கடிதத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் அவர் வாசிக்கும்போது உதடு லேசாக அசையும்.

"சனிக்கிழமை நான் எல்லாரிடமும் மணி சொல்கிறேன்" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு லெட்டர்ல ஒண்ணு தேடிக் குடுத்திருந்தா இந்நேரம் எல்லாரும் வீட்டுல இருந்திருப்போம்."

"தேட மாட்டேன் சார்."

"தெரியும். தேடுற ஆளா இருந்தா வட்டம் வரைஞ்சிருக்க மாட்டிய."

வரைந்தது பேச்சிமுத்து சார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் கலந்தாய்வு இருக்கிறது.

இழுப்பறையைத் திறந்து என் காகிதத்தை எடுத்தார். ஒரு முகப்புக் கடிதம் தானே எழுதினார். பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்: 'மேற்படி ஆசிரியையின் கருத்து இத்துடன் இணைத்து அனுப்பப்படுகிறது. இக்கருத்து குறித்து எனக்குக் கருத்து ஏதும் இல்லை.' பிறகு அதைத் திரும்ப வாங்கி, இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, மேலே சின்னதாக 'கருத்து சரியே' என்று எழுதினார். கையெழுத்துப் போடும்போது காகிதம் ஆடியது. அந்த அறையில் மின்விசிறி உண்டு.

ஏப்ரல் 26, வியாழன்

மதியம் சென்னையிலிருந்து சுற்றறிக்கை மின்னஞ்சலில் வந்தது. ஆங்கிலத்தில். ஆவுடையப்பன் சார் அறையின் நடுவில் நின்று வாசித்தார். பல முகாம்கள் முறையிட்டிருப்பதால் என்று தொடங்குகிறது. எழுதிக் கொடுத்தது ஒரு முகாம்தான். ஆனால் மேலிடத்தில் ஒன்று போனால் பலவாகத்தான் தெரியும் போலிருக்கிறது. அந்தத் தொடக்கமே 'எ நம்பர் ஆஃப் கேம்ப்ஸ் ஹாஸ்' என்று இருந்தது. 'ஹேவ்' வர வேண்டும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேச்சிமுத்து சார் இருமினார்.

உத்தரவு: பதினாலாவது கேள்விக்கு 'ஆர்' என்று எழுதியிருந்தாலும், 'இஸ்' என்று எழுதியிருந்தாலும், வேறு எதை எழுதியிருந்தாலும், எழுத முயன்றிருந்தாலும், ஒரு மதிப்பெண் வழங்கப்பட வேண்டும்.

"மேடம், ஜெயிச்சிட்டோம்" என்றாள் ஜெஸிமா.

"எதுல?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்க்ல" என்றாள். கெட்டிக்காரி.

எல்லாக் கட்டுகளையும் பிரித்து 'இஸ்' எழுதாத எல்லாத் தாளிலும் ஒன்று கூட்ட வேண்டும். அறையில் ஒரு முனகல். நாளைக்கும் வர வேண்டும் என்பதால் வீட்டுக்குப் போன் செய்தேன். "உன் பிள்ளை பாசா?" என்றார் வீட்டுக்காரர். என் பிள்ளை இல்லை என்று சொன்னேன். பாஸ் என்றும் சொன்னேன்.

ஏப்ரல் 27, வெள்ளி

திருத்தி முடித்த என் கட்டுகள் திரும்ப என் கைக்கே வந்தன. ஒவ்வொன்றிலும் பதினாலாவது கேள்வியைப் பார்த்து, பெருக்கல் குறி இருந்தால் அடித்து, ஒன்று போட்டு, மொத்தத்தை மாற்றினேன். 'ஈஸ்' என்று எழுதியிருந்த தாளுக்கு ஒன்று. கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திய தாளுக்கும் ஒன்று. முயன்றிருக்கிறது.

இந்த வேலையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் முப்பத்துநாலு போட்டு அனுப்பிய தாள் எதுவும் திரும்பி வந்தபோதே முப்பத்துநாலாக இல்லை. முப்பத்துமூன்றும் இல்லை. எங்காவது கட்டுரையின் ஓரத்தில், கடிதத்தின் ஓரத்தில், சின்னதாகப் பச்சையில் ஒன்று, பச்சையில் இரண்டு. என் கட்டு என் கையை விட்டுப் போனபின் எனக்குத் திரும்பி வருவது இதுவே முதல் முறை.

சகாயராணியிடம் காட்டினேன். அவள் கட்டிய பூவை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா டீச்சர்."

"எத்தனை வருஷமா?"

"நான் எஸ்.ஓ. ஆனதுலருந்து. எனக்கு முன்னாடி மரகதம் டீச்சர் பாத்தாங்க. ரிட்டயர் ஆகும்போது சொல்லிட்டுத்தான் போனாங்க, ராஜகனி கட்டை மட்டும் ரெண்டு தடவ பாத்துக்கோட்டின்னு."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"சொன்னா நீங்க கறாரா இருக்க முடியாதுல்லா? பேச்சிமுத்து சார் அள்ளிக் குடுப்பாரு, அவரு கட்டுல நான் கொறைப்பேன். நீங்க கொறைப்பிய, உங்க கட்டுல கூட்டுவேன். எல்லாம் சேந்துதான் ஒரு மேசை." ஒரு முழம் பூவை எனக்கு நீட்டினாள். "வச்சுக்கிடுங்க. கோவப்படாதிய."

கோபம் ஒன்றும் இல்லை. கூட்டல்கள் சரியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சைக்குக் கீழே சிவப்பில் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக அந்தத் தாள். பதினாலுக்கு ஒன்று போட்டேன். முப்பத்தைந்து. முடிந்தது. மூடி வைக்கலாம்.

மூடவில்லை. சுற்றறிக்கையின்படி பார்த்தால், தெரிந்து எழுதிய பிள்ளையும், தெரியாமல் எழுதிய பிள்ளையும், எண்ணை மட்டும் எழுதிய பிள்ளையும் அந்த இடத்தில் ஒன்றுதான். ஆகவே அந்தக் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன். நன்றி என்ற சொல் இல்லை என்று மூன்று குறைத்திருக்கிறேன். மாமா வாங்கிக் கொடுத்ததைக் கையில் கட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் மணி சொல்லிக்கொண்டு போகிற பிள்ளை, அதற்கு மேல் தனியாக நன்றி என்று வேறு எழுத வேண்டுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். யோசித்தேன். இரண்டை அடித்து மூன்று போட்டேன். மொத்தம் முப்பத்தாறு.

சகாயராணி பார்த்துவிட்டாள்.

"டீச்சர், முப்பத்தஞ்சுதான் வந்தாச்சே. பாஸ் ஆன பிள்ளைக்கு யாரும் தேடுவாங்களா?"

"தேடல. முதல்ல தப்பா போட்டிருந்தேன். திருத்தியிருக்கேன்."

"சரி டீச்சர்" என்று பச்சைப் பேனாவை மூடினாள்.

ஏப்ரல் 28, சனி

மாவு அரைத்தேன். ரவிக்கை வாங்கி வந்தேன், கை இறுக்கம்.

மே 31, வியாழன்

ஆவுடையப்பன் சார் ஓய்வு பெற்றார். அம்பாசமுத்திரம் பக்கம் அவர் பள்ளியில் பந்தல். எங்கள் மேசை முழுக்கப் போயிருந்தோம். மதியம் வரை அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியவர்கள் எல்லாரும் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள். ஒருவர்கூட எதையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

சாப்பாடு பரிமாறும்போது தபால்காரர் ஓர் உறையோடு வந்தார். பந்தலில் பேச்சு நின்றது. சார் எழுந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீங்க பிரிங்க டீச்சர்" என்றார். பிரித்தேன். தொலைபேசி இணைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு விளம்பரம்.

பிறகு மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. யாரும் தடுக்கவில்லை.

ஜூன் 6, புதன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. இந்த ஆண்டு தாமதம். எங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் எல்லாரும் தேர்ச்சி. எந்த முகாமில் எந்த மேசையில் யார் பச்சைப் பேனா வைத்திருந்தார்கள் என்று தெரியாது. தலைமையாசிரியை எனக்கு இனிப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தாளுக்கு உரிய பிள்ளை எந்த ஊர் என்று இனித் தெரிய வழியில்லை. மதிப்பெண் பட்டியலில் முப்பத்தாறு என்று இருக்கும். அது எப்படி வந்தது என்று இருக்காது.

இன்று சனிக்கிழமை இல்லை, புதன்தான். இருந்தாலும் பீரோவைத் திறந்திருப்பார்கள்.